கூரையில்லாத பெட்டி: மின்விளையாட்டுக் கருவிகளில் மலிவு மாதிரியும் உயர்நிலை மாதிரியும்

தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் மின்விளையாட்டுக் கருவிகளை விற்கும் கடைக்குள் நுழைந்தால், ஒரே பெயர் தாங்கிய இரண்டு பெட்டிகள் அருகருகே அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஒன்றின் விலை மற்றொன்றைவிட நூறு அல்லது இருநூறு வெள்ளி குறைவு. இரண்டிலும் ஒரே விளையாட்டுகளை விளையாடலாம் என்று கடைக்காரர் சொல்வார். பெரும்பாலும் அது உண்மையே. அப்படியானால், விலை குறைந்த பெட்டியிலிருந்து எதை எடுத்தார்கள்? அப்படி எடுத்ததன் செலவை இறுதியில் யார் சுமக்கிறார்கள்? முதல் வினாவைப் பலரும் கேட்பதுண்டு. இரண்டாவது வினாவையே இக்கட்டுரை முதன்மையாகக் கொள்கிறது.

சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. கன்சோல் என்று வழங்கும் பொருளை இங்குக் 'கருவி' என்றே சுட்டுகிறேன். விலை குறைந்ததை 'மலிவு மாதிரி' என்றும், விலை மிகுந்ததை 'உயர்நிலை மாதிரி' என்றும் வழங்குகிறேன். மலிவு என்பது இங்கு விலையை மட்டுமே குறிக்கும். தரத்தைப் பற்றிய தீர்ப்பு அதில் இல்லை. வேறு நாணயம் குறிப்பிடப்படாத இடங்களில் விலைகள் யாவும் அமெரிக்கச் சந்தையில் அறிவிக்கப்பட்டவை. 99 காசுகளை முழு வெள்ளியாக்கிக் கொண்டேன்.

இத்தொழிலின் கணக்கு மற்றப் பொருள்களின் கணக்கைப் போன்றதன்று. நாற்காலி செய்பவர் நாற்காலியை விற்று ஈட்டுகிறார். விளையாட்டுக் கருவி செய்பவரோ கருவியை விற்று ஈட்டுவதில்லை; பல வேளைகளில் நட்டத்திற்கே விற்கிறார். அவருடைய வருவாய், அக்கருவிக்காகப் பின்னர் வாங்கப்படும் விளையாட்டுகளில் அவர் பெறும் பங்கிலும் மாதச் சந்தாவிலும் இருக்கிறது. அவருடைய இணையக் கடையில் ஒரு விளையாட்டு விற்றால், விலையில் ஏறத்தாழ 30 விழுக்காடு அவருக்கு. 2021ஆம் ஆண்டு, எபிக் நிறுவனம் ஆப்பிள் மீது தொடுத்த வழக்கில், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் அதிகாரி லோரி ரைட் சாட்சியம் அளித்தபோது, எக்ஸ்பாக்ஸ் கருவிகளின் விற்பனையில் தம் நிறுவனம் எக்காலத்தும் இலாபம் கண்டதில்லை என்று கூறினார். கருவி என்பது வீட்டு வாயிலைத் திறக்கும் சாவி. எத்தனை வாயில்கள் திறக்கின்றனவோ அத்தனை வீடுகளில் பிறகு வணிகம் நடக்கும்.

அப்படியிருக்க, எல்லாருக்கும் ஒரே மலிவு விலையில் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் புதிய கருவி வெளிவரும் நாளில், எவ்வளவு கேட்டாலும் கொடுப்பதற்குச் சிலர் ஆயத்தமாக இருப்பார்கள். அவர்களிடம் குறைந்த விலை கேட்பது வணிகருக்கு இழப்பு. அவர்களுக்காக விலையை உயர்த்தினாலோ மற்ற வீடுகளின் வாயில்கள் திறப்பதில்லை. இரு தரப்பினரையும் பிரித்து, ஒவ்வொருவரிடமும் அவரவரால் இயன்றதைப் பெற வேண்டும். பிரிப்பதற்கு ஒரு சுவர் தேவை. இரண்டு மாதிரிகளுக்கு இடையிலான வேறுபாடே அச்சுவர்.

பொருளியலில் இது பழைய செய்தி. 1849ஆம் ஆண்டு பிரெஞ்சுப் பொறியாளர் ஜூல் துப்புயி, புகைவண்டியின் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளுக்கு ஏன் கூரை போடவில்லை என்று ஆராய்ந்தார். கூரைக்கு ஆகும் சிறு செலவை மிச்சப்படுத்துவது நிறுவனத்தின் நோக்கமன்று என்பது அவர் கண்ட விடை. இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்கக்கூடியவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடாமல் தடுப்பதே நோக்கம். ஏழையை வருத்துவது குறிக்கோளாக இல்லாவிடினும் வெயிலில் காய்பவர் அவர்தாம். தமிழில் புகைவண்டிப் பெட்டிக்கும் கடையில் அடுக்கிய பெட்டிக்கும் ஒரே சொல் அமைந்திருப்பது நமக்கு வசதியாகிவிட்டது. மலிவான பெட்டியில் எடுக்கப்பட்டிருப்பது கூரையா, இருக்கையா, சக்கரமா என்று பார்ப்பதே இனி நம் வேலை.

சக்கரத்தில் கைவைத்த கதை 2005ஆம் ஆண்டு நடந்தது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த முதல் எக்ஸ்பாக்ஸ் ஒவ்வொன்றிலும் வன்தட்டு இருந்தது. வன்தட்டில் ஒரு சிக்கல் உண்டு. சில்லின் விலை ஆண்டுதோறும் இறங்கும்; ஆனால் சுழலும் தட்டும் மோட்டாரும் கொண்ட வன்தட்டின் விலை ஓரளவுக்குக் கீழ் இறங்காது. எனவே அடுத்த தலைமுறையான எக்ஸ்பாக்ஸ் 360 அந்த ஆண்டு நவம்பரில் வந்தபோது, மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதிரிகளை வெளியிட்டது. 400 வெள்ளி மாதிரியில் 20 கிகாபைட் வன்தட்டு இருந்தது. 'கோர்' என்னும் 300 வெள்ளி மாதிரியில் வன்தட்டே இல்லை. கைப்பிடியும் கம்பி கொண்டது. விளையாட்டில் எட்டிய கட்டத்தைச் சேமித்து வைக்க வேண்டுமானால், நினைவக அட்டை ஒன்றைத் தனியே வாங்க வேண்டும்.

வாங்கியவருக்கு அது ஒரு குறை. அட்டை வாங்கினால் தீர்ந்துவிடும். விளையாட்டை உருவாக்குபவருக்கு நேர்ந்தது அப்படித் தீரக்கூடியதாக இல்லை. பெரிய விளையாட்டு ஒன்றில் காடும் நகரும் கோட்டையும் முழுமையாக நினைவகத்தில் தங்குவதில்லை. ஆட்டக்காரர் நகர நகர, தேவையான பகுதி வட்டிலிருந்து எடுக்கப்படுகிறது. வன்தட்டு இருந்தால் அதில் முன்கூட்டியே நகலெடுத்து வைத்து விரைவாகப் பெறலாம். எல்லாக் கருவியிலும் வன்தட்டு உண்டு என்று நம்ப முடியாதபோது, அவ்வசதியை அடிப்படையாகக் கொண்டு விளையாட்டை வடிவமைக்க இயலாது. 'ஃபைனல் ஃபேன்டஸி 11' போன்று வன்தட்டைக் கட்டாயமாக்கிய விளையாட்டுகள் மிகச் சிலவே. 400 வெள்ளி கொடுத்தவருடைய வன்தட்டும், 300 வெள்ளி மாதிரி சந்தையில் இருந்த காரணத்தால், தன் முழுப் பயனையும் தரவில்லை. மைக்ரோசாஃப்ட் 2007இல் 'கோர்' மாதிரியை நிறுத்தி, 256 மெகாபைட் நினைவக அட்டையுடன் 'ஆர்கேட்' என்னும் மாதிரியைக் கொண்டுவந்தது. வன்தட்டு அதிலும் இல்லை.

ஒரு கருவிக் குடும்பத்தில் மிகவும் எளிய உறுப்பினர் எவரோ, அவரே குடும்பம் முழுவதற்கும் அடிமட்டத்தை வகுக்கிறார் என்பது இதனால் தெளிவாகும். விளையாட்டு உருவாக்குபவர் சராசரிக் கருவிக்காக எழுதுவதில்லை. அடிமட்டக் கருவிக்காக எழுதி, மேல்மட்டத்திற்கு அழகு சேர்க்கிறார். வாங்குபவர் நோக்கில் மட்டும் இரு மாதிரிகளை ஒப்பிடும் விளம்பரங்களும் திறனாய்வுகளும் இதைக் கவனிப்பதே இல்லை.

அடுத்த ஆண்டு சோனி வேறு வழியில் சென்றது. பிளேஸ்டேஷன் 3 கருவியின் இரு மாதிரிகளிலும் வன்தட்டு இருந்தது. 20 கிகாபைட் மாதிரி 500 வெள்ளி, 60 கிகாபைட் மாதிரி 600 வெள்ளி. கம்பியில்லா இணைய இணைப்பும் அட்டை செருகும் வாயில்களும் மலிவு மாதிரியில் இல்லை. எடுத்தது கூரைதான், உருவாக்குபவருக்கு இடரில்லை. ஆனால் கணக்கு இடித்தது. ஐசப்லை என்னும் ஆய்வு நிறுவனம் கருவியைப் பிரித்துப் பார்த்து, மலிவு மாதிரியை உருவாக்க ஏறத்தாழ 806 வெள்ளியும் மற்றதற்கு 840 வெள்ளியும் ஆகும் என மதிப்பிட்டது. விலையில் வேறுபாடு 100 வெள்ளி. அடக்கத்தில் வேறுபாடு 34 வெள்ளி மட்டுமே. அம்மதிப்பீட்டின்படி, மலிவு மாதிரி ஒவ்வொன்றும் உயர்நிலை மாதிரியைக் காட்டிலும் மிகுதியான நட்டத்தைக் கொடுத்தது. வட அமெரிக்காவில் 2007ஆம் ஆண்டு ஏப்ரலிலேயே 20 கிகாபைட் மாதிரி நிறுத்தப்பட்டது. மக்கள் 60 கிகாபைட்டையே விரும்புகிறார்கள் என்று சோனி காரணம் கூறியது. 500 வெள்ளி செலவிடத் துணிந்தவருக்கு 600 வெள்ளி பெரிய தடையாக இராது என்பதும் உண்மைதான். எனினும் 34 வெள்ளிக் குறைப்புக்காக 100 வெள்ளியை விட்டுக்கொடுக்கும் மாதிரியை எந்த வணிகரும் நெடுநாள் காப்பாற்ற மாட்டார்.

நிண்டெண்டோவின் வழி இவ்விரண்டிலும் சேராது. வீட்டில் தொலைக்காட்சியிலும் வெளியில் கையிலும் விளையாடத்தக்க சுவிட்ச் கருவி 2017இல் 300 வெள்ளிக்கு வந்தது. 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் 200 வெள்ளிக்குச் சுவிட்ச் லைட் வந்தது. அதைத் தொலைக்காட்சியோடு இணைக்க முடியாது. கைப்பிடிகளைக் கழற்றவும் முடியாது. பெயரே மாற்றிப் பயன்படுத்துவதைக் குறிக்கும் ஒரு கருவியிலிருந்து மாற்றும் வசதியையே எடுத்துவிட்டார்கள்! கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும், இது மிகத் தேர்ந்த வெட்டு. உள்ளே இருக்கும் சில்லின் ஆற்றலிலோ நினைவகத்திலோ குறையில்லை. ஆகவே கையில் வைத்து விளையாடத்தக்க எந்த விளையாட்டும் மாற்றமின்றி ஓடும். கழற்றிய கைப்பிடிகளைக் கொண்டு உடலை அசைத்து ஆட வேண்டிய சில விளையாட்டுகளுக்கு மட்டும் கைப்பிடிகளைத் தனியே வாங்க வேண்டும். பின்னர் 2021இல் 350 வெள்ளிக்கு வந்த ஓஎல்இடி மாதிரியும் ஆற்றலைக் கூட்டவில்லை. திரையைப் பெரிதாக்கி ஒளியைத் தெளிவாக்கியது. மூன்று விலைகள், ஒரே அடிமட்டம்.

இந்நிறுவனம் 2025ஆம் ஆண்டு எழுப்பிய மற்றொரு சுவர் மொழித்துறையினராகிய நமக்குச் சுவையானது. சுவிட்ச் 2 கருவி ஜப்பானில் இரு வகையாக விற்கப்படுகிறது. வெளிவந்தபோது பன்மொழி மாதிரியின் விலை 69,980 யென்னாக இருந்தது. ஜப்பானிய மொழி மட்டும் கொண்ட மாதிரியின் விலை அப்போது 49,980 யென்னாக இருந்தது. உள்ளிருக்கும் பொறியில் வேறுபாடில்லை. மலிவு மாதிரியின் அமைப்பு மொழியை மாற்ற முடியாது. ஜப்பானைத் தன் நாடாகப் பதிவு செய்த கணக்கை மட்டுமே அதில் இணைக்கலாம். யென்னின் மதிப்பு தாழ்ந்திருந்த காலத்தில் உள்நாட்டு மக்களுக்குக் குறைந்த விலையில் கொடுக்க வேண்டும். அதே வேளையில் வெளிநாட்டார் வந்து அள்ளிச் செல்லக் கூடாது. இரண்டையும் சுங்கச் சாவடியின் துணையின்றி ஒரு மொழி செய்து முடித்தது. கூரையை எடுத்தார்கள்; ஆனால் அந்தப் பெட்டியில் ஏறுவோருக்கு அந்தக் கூரை தேவையே இல்லை. ஜப்பானியக் குடும்பம் ஒன்றுக்கு இதனால் இழப்பு ஏதுமில்லை. அங்கே வாழும் அயல்நாட்டுத் தொழிலாளிக்கும் மாணவருக்கும் மட்டும், தாம் படிக்கத் தெரிந்த மொழிக்கு 20,000 யென் கூடுதல் விலை வந்து சேர்ந்தது.

இனி 2020ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு நவம்பரில் மைக்ரோசாஃப்டும் சோனியும் ஒரு வார இடைவெளிக்குள் தத்தம் புதிய கருவிகளை வெளியிட்டன. இரு நிறுவனமும் இரண்டு மாதிரிகளை வைத்தன. வெட்டிய இடம்தான் வேறு.

மைக்ரோசாஃப்ட் 500 வெள்ளிக்குச் சீரிஸ் எக்ஸ் மாதிரியையும் 300 வெள்ளிக்குச் சீரிஸ் எஸ் மாதிரியையும் கொண்டுவந்தது. மலிவு மாதிரிக்கென்றே தனிச் சில்லு வடிவமைக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 197 சதுர மில்லிமீட்டர்; உயர்நிலை மாதிரியின் சில்லு 360 சதுர மில்லிமீட்டர். சில்லுகள் வட்ட வடிவச் சிலிக்கான் தகட்டில் வரிசையாக அச்சிடப்பட்டுப் பின் வெட்டி எடுக்கப்படுகின்றன. சில்லு சிறிதானால் ஒரே தகட்டில் மிகுதியாகக் கிடைக்கும். பழுதாகும் விழுக்காடும் குறையும். ஆகவே இங்கு விலைக் குறைப்பு வெறும் தள்ளுபடியன்று, அடக்கத்திலேயே உண்டான குறைப்பு. எண்ணிக் கணக்கிடும் மையச் செயலியையும் சேமிப்பகத்தின் வேகத்தையும் ஏறத்தாழ அப்படியே விட்டுவிட்டு, படம் வரையும் ஆற்றலை மூன்றில் ஒரு பங்காக்கி, நினைவகத்தை 16 கிகாபைட்டிலிருந்து 10 கிகாபைட்டாகக் குறைத்தார்கள். இதற்கு அவர்கள் கொண்ட காரணமும் நியாயமானதே. உயர்நிலை மாதிரி குறிவைக்கும் 4கே திரையில் ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகள். மலிவு மாதிரி குறிவைக்கும் திரையில் ஏறத்தாழ 37 இலட்சம். புள்ளி குறைந்தால் வரையும் வேலையும் குறையும், படங்களுக்கான நினைவகமும் குறையும். ஆட்டம் ஒன்றே, கூர்மை மட்டும் வேறு.

நியாயம் மூன்று ஆண்டுகள் நின்றது. பிறகு, பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் உருவாக்கிய 'பால்டர்ஸ் கேட் 3' என்னும் விளையாட்டு அதைச் சோதித்தது. அதில் இருவர் ஒரே திரையை இரண்டாகப் பிரித்துக்கொண்டு விளையாடலாம். ஒருவர் குகைக்குள் இருக்க, மற்றவர் நகரச் சந்தையில் நிற்கலாம். இரண்டு இடங்களையும் அங்குள்ள மாந்தரையும் கருவி ஒரே நேரத்தில் நினைவில் வைத்திருக்க வேண்டும். திரையில் புள்ளிகளைக் குறைத்தால் இச்சுமை குறையாது. இது படத்தின் சுமையன்று, உலகத்தின் சுமை. இரு மாதிரிகளிலும் ஒரே வசதிகள் இருக்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் விதி. பிளேஸ்டேஷன் 5 கருவிக்கு 2023 செப்டம்பரில் அவ்விளையாட்டு வந்துவிட்டது. எக்ஸ்பாக்ஸ் உரிமையாளர்கள், 500 வெள்ளி கொடுத்தவர்கள் உட்பட, காத்திருந்தனர். மைக்ரோசாஃப்ட் தன் விதியைத் தளர்த்தி, சீரிஸ் எஸ் மாதிரியில் மட்டும் திரைப் பிரிப்பு இல்லாமல் வெளியிட இணங்கியபின், டிசம்பரில் விளையாட்டு வந்தது. லாரியன் நிறுவனத்தார் விடாது உழைத்து, 2025 ஏப்ரலில் மலிவு மாதிரிக்கும் அவ்வசதியைச் சேர்த்தனர். வாங்கியவர் மிச்சப்படுத்திய 200 வெள்ளியின் ஒரு பகுதியை, பெல்ஜியத்தில் யாரோ ஒரு நிரலாளர் தம் உழைப்பால் ஈடுகட்டினார் என்றே நான் கொள்கிறேன்.

சோனி சில்லைத் தொடவில்லை. 500 வெள்ளி மாதிரியும் 400 வெள்ளி மாதிரியும் உள்ளே ஒன்றே. மலிவு மாதிரியில் வட்டு இயக்கி மட்டும் இல்லை. விளையாட்டு உருவாக்குபவருக்கு எந்தத் தொல்லையும் இல்லாத வெட்டு என்பதால் தொழில்நுட்பத் திறனாய்வாளர் பலரும் இதைப் பாராட்டினர். நானும் அம்மட்டில் பாராட்டுவேன். ஆனால் வட்டு இயக்கி ஒன்றுக்கு 100 வெள்ளி ஆகாது. பின்னாளில் சோனியே அதைத் தனியே விற்றபோது சில்லறை விலை 80 வெள்ளி. மேலும், 2021 ஆகஸ்டில், வட்டு இயக்கி உள்ள மாதிரி இனி நட்டத்தில் விற்கப்படவில்லை என்றும், அஃதில்லாத மாதிரியின் நட்டத்தை மற்றக் கருவிகளின் விற்பனை ஈடுசெய்யும் என்றும் அந்நிறுவனம் கூறியது. எடுத்த பொருளின் மதிப்புக்கு மேல் விலையைக் குறைத்து, தெரிந்தே நட்டத்தை ஏற்றிருக்கிறார்கள். ஏன்?

வட்டு என்பது ஒரு பொருள். படித்து முடித்த நூலைப் போல அதை விற்கலாம், நண்பருக்கு இரவல் கொடுக்கலாம், பழைய வட்டுக் கடையில் பாதி விலைக்கு வாங்கலாம். எந்தக் கடையில் வாங்குவது என்பதும் நம் விருப்பம். வட்டு இயக்கி இல்லாத கருவிக்கு ஒரே கடைதான் உண்டு. அது கருவி செய்தவரின் கடை. அங்கே பழைய சரக்கு இல்லை, இரவல் இல்லை, மறுவிற்பனை இல்லை. அந்தக் கடை மூடப்பட்டால் மாற்றும் இல்லை. நிண்டெண்டோ தன் பழைய 3டிஎஸ், வீ யூ கருவிகளுக்கான இணையக் கடைகளை 2023 மார்ச்சில் மூடியபோது, அவற்றில் புதிதாக எதையும் வாங்க முடியாமற் போயிற்று.

இவ்விடத்தில் 2013ஆம் ஆண்டை நினைவுகூர வேண்டும். எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவியில் பழைய வட்டுகளின் மறுவிற்பனைக்கும் இரவலுக்கும் கட்டுப்பாடு விதிக்க மைக்ரோசாஃப்ட் முனைந்தது. எதிர்ப்புப் பெரிதாக எழவே, சில நாள்களிலேயே பின்வாங்கியது. அன்று விதியாக வந்தபோது மறுக்கப்பட்டது, ஏழாண்டு கழித்து விலைக் குறைப்பாக வந்தபோது வரவேற்கப்பட்டது. இரண்டு விளையாட்டுகளைப் பழைய வட்டாக வாங்கி, ஆடி முடித்து மீண்டும் விற்றாலே 100 வெள்ளியில் பெரும்பகுதி திரும்பிவிடும் என்பதை, பிள்ளைக்குக் கருவி வாங்கித் தரும் பெற்றோர் கடையில் நின்று கணக்கிடுவதில்லை. கையில் பணம் குறைந்தவரே மலிவு மாதிரியைத் தேர்கிறார். பழைய வட்டும் இரவல் வட்டும் மிகுதியாகத் தேவைப்படுபவரும் அவரே. பொருளியல் பாடத்தில் விலை வேறுபாட்டை விளக்க வேண்டிய ஆசிரியர், மாணவர் ஒருவர் மூன்றாண்டில் வாங்கும் விளையாட்டுகளை இரு விதமாகவும் கணக்கிடச் சொன்னால், பாடநூலின் வரைபடத்தைவிட அது அவருக்கு நன்றாக விளங்கும்.

இக்கணக்கு இப்போது மேலும் கூர்மையாகியுள்ளது. முன்பெல்லாம் கருவியின் விலை ஆண்டுக்காண்டு இறங்கும். 2000ஆம் ஆண்டு 300 வெள்ளிக்கு வந்த பிளேஸ்டேஷன் 2 கருவி 2009இல் 100 வெள்ளிக்கு விற்றது. பொறுத்திருப்பவருக்கு உயர்நிலைக் கருவியே ஒருநாள் மலிவுக் கருவியாகும். காலமே சுவராக நின்றது. புதிய சில்லுகளின் உற்பத்திச் செலவு முன்போல் இறங்காததால் அந்த வழி அடைபட்டு வருகிறது. முதல் நாளிலேயே இரண்டு மாதிரிகளை வைக்க வேண்டிய தேவையும் இதனால் வலுத்தது.

சீரிஸ் எஸ் மாதிரியின் விலை 2025 அக்டோபரில் 400 வெள்ளியானது. வட்டு இயக்கி இல்லாத பிளேஸ்டேஷன் 5 முதலில் 400 வெள்ளி. 2023ஆம் ஆண்டின் இறுதியில் மெலிந்த வடிவம் வந்தபோது 450 வெள்ளி. 2025 ஆகஸ்டில் 500 வெள்ளி. ஐந்தாண்டுக்கு முன் வட்டு இயக்கியோடு கிடைத்த கருவியின் விலையை, அஃதில்லாத கருவி எட்டிவிட்டது. பிளேஸ்டேஷன் 5 புரோ மாதிரி 2024 நவம்பரில் வெளிவந்தபோது அதன் விலை 700 வெள்ளியாக இருந்தது. அந்த உயர்நிலைப் பெட்டியிலும் வட்டு இயக்கி இல்லை. வேண்டுமானால் 80 வெள்ளி கொடுத்து வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம்.